பல் வலியும் நம் பொறுப்பும்



குடும்ப நலம் பேசும் இப்பகுதியில் இம்மாதம் பல் மருத்துவமனைகளின் தூய்மையைப் பற்றியும், அவற்றைச் சோதித்தறிய வேண்டிய கடமையைப் பற்றியும் எழுத முற்படுகிறோம். மறைமாவட்ட இதழுக்கும் பல் மருத்துவத்திற்கும் என்ன உறவு என்று சிலர் வினவக்கூடும். உறவு மிகப் பழைமையானது. கி.பி. 249-ஆம் ஆண்டில் அலெக்சாந்திரியா நகரில் கிறிஸ்தவர்களுக்கு எதிராகக் கலகம் மூண்டபோது, அப்போலோனியா என்னும் முதிய கன்னிகையைக் கலகக்காரர் பிடித்து, அவருடைய பற்களை அடித்து உதிர்த்து, விசுவாசத்தை மறுதலிக்குமாறு அச்சுறுத்தினர்; அவரோ மறுதலியாமல் தீயில் உயிர் துறந்தார். பல் நோயால் துன்புறுவோர்க்கும் பல் மருத்துவர்க்கும் அவரே பாதுகாவலியாக விளங்குகிறார். பிப்ரவரி 9 அவருடைய திருநாள். பல்லொன்றைப் பற்றிய குறட்டைக் கையில் ஏந்தியவராகவே ஓவியர்கள் அவரைத் தீட்டுவர்.

நம் மண்ணிலும் இவ்வுறவுக்குச் சான்று உண்டு. அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் அடைக்கல அன்னைக்கு ஆலயம் எழுப்பிய வீரமாமுனிவர், அரியலூர்ச் சிற்றரசரின் ராஜபிளவை நோயை மண்ணைப் பூசி நீக்கினார் என்னும் செய்தி வழிவழியாக வழங்கி வருகிறது. ஆன்மாவைப் பேணுகிறவர்கள் உடலின் நோவைப் புறக்கணித்ததில்லை. ஆதலால் நாமும் புறக்கணிப்பதற்கில்லை.

வலி வந்த பிறகே வழி தேடுகிறோம்

நம் ஊர்களில் பல் வலிக்குத் தரும் முதல் மருந்து பொறுமை. அடுத்தது கிராம்பு. அதற்கும் அடங்காவிடில் கடையில் வாங்கிய ஒரு மாத்திரை. மக்காச்சோளம் அறுவடையாகட்டும், வெங்காயம் விலை போகட்டும், முந்திரிக் கொட்டை பொறுக்கி முடியட்டும் என்று நாள்களைத் தள்ளிப் போட்டு, கன்னம் வீங்கி இரவு உறக்கம் கெட்ட பின்னரே வேப்பந்தட்டையிலிருந்தும் குன்னத்திலிருந்தும் பெரம்பலூருக்கும், செந்துறையிலிருந்தும் திருமானூரிலிருந்தும் அரியலூருக்கும், வரதராசன்பேட்டை போன்ற ஊர்களிலிருந்து ஜெயங்கொண்டத்திற்கும் பேருந்து ஏறுகிறோம்.

அந்நிலையில் மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும் பொறுமை யாருக்கு இருக்கும்? பேருந்து நிலையத்திற்கு அருகில் எது உள்ளதோ, எங்கே கட்டணம் குறைவோ, எங்கே அன்றைக்கே பல்லைப் பிடுங்கி அனுப்புவார்களோ, அங்கே நுழைகிறோம். நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தபின் நம்மால் பேசவும் இயலாது, பார்க்கவும் இயலாது. முகத்துக்கு மேல் விளக்கு எரிகிறது. அதற்குப் பின்னால் நடப்பது எதுவும் நமக்குத் தெரிவதில்லை. உடலின் எந்த மருத்துவத்திலும் இவ்வளவு முழுமையான ஒப்படைப்பு, மயக்க மருந்து தந்து செய்யும் அறுவையைத் தவிர, வேறெங்கும் இல்லை எனலாம்.

வாணியம்பாடியில் நிகழ்ந்தது

இந்த ஒப்படைப்பு எத்தகைய பொறுப்பை வேண்டுகிறது என்பதைத் திருப்பத்தூர் மாவட்டத்து வாணியம்பாடியில் நிகழ்ந்த துயரம் நமக்கு உணர்த்துகிறது. 2022-ஆம் ஆண்டு ஜூலைக்கும் 2023-ஆம் ஆண்டு ஏப்ரலுக்கும் இடையே அப்பகுதியில் 21 பேர் ஓர் அரிய மூளை நோயால் தாக்குண்டனர். காய்ச்சல், தலைவலி, முகம் கோணுதல், பேச்சுக் குழறுதல் என்று அந்நோய் தொடங்கியது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினரும், சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தாரும், மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையினரும் காரணத்தைத் தேடினர். அவர்களுடைய ஆய்வு 2025-ஆம் ஆண்டில் லான்செட் குழுமத்தின் தென்கிழக்காசிய மருத்துவ இதழில் வெளியாயிற்று.

அந்த 21 பேரில் 10 பேர் ஒரே பல் மருத்துவமனையில் பல் பிடுங்குதல் போன்ற சிகிச்சை பெற்றவர்கள். அந்தப் பத்துப் பேரில் 8 பேர் இறந்தனர். நோயின் முதல் அறிகுறி தோன்றியதிலிருந்து இறப்பு வரையில் அவர்களுக்குக் கிடைத்த காலம், நடுநிலைக் கணக்கில், 16 நாள்களே. அம்மருத்துவமனைக்குச் செல்லாமல் அந்நோயால் தாக்குண்ட மற்ற 11 பேரில் இறந்தவர் ஒருவர் மட்டுமே என்பதை ஒப்பிட்டு நோக்கினால், பல் பிடுங்கிய புண்ணின் வழியாக நோய் எவ்வளவு விரைவாக மூளையை எட்டியது என்பது விளங்கும்.

அந்நோய்க்கு மெலியாய்டோசிஸ் என்று பெயர். அதை உண்டாக்கும் நுண்ணுயிர் மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்வது. 1912-ஆம் ஆண்டில் விட்மோர் என்னும் ஆங்கில மருத்துவரும், கிருஷ்ணசாமி என்னும் நம் நாட்டு மருத்துவரும் இரங்கூனில் இதனை முதன்முதலாக விவரித்து எழுதினர். சேற்றில் வேலை செய்வோரின் காலில் உள்ள புண் வழியாக இது உடலில் நுழையும், மழைக்காலத்தில் மிகும், நீரிழிவு நோயுள்ளவர்களை எளிதில் வெல்லும். கொள்ளிடக் கரையில் நாற்று நடுகிறவர்களும், இனிப்பு நீர் என்று நாம் சொல்லும் நோயுடையவர்களும் நிறைந்த நம் பங்குகளுக்கு இது தொலைவிலுள்ள செய்தியன்று.

மண்ணில் வாழும் உயிர் பல் மருத்துவமனைக்குள் புகுந்தது எவ்வாறு? ஆய்வாளர்கள் கண்ட விடை மிக எளியது. எளியது என்பதாலேயே நெஞ்சை நடுங்கச் செய்வது. புண்ணைக் கழுவுவதற்கு வைத்திருந்த சலைன் என்னும் உப்புநீர்க் குப்பியின் மூடியை, ஈறையும் எலும்பின் மேலுறையையும் நெம்பிப் பிரிக்கும் கருவியொன்றால், அதுவும் தூய்மை செய்யப்படாத கருவியால், திறந்திருக்கின்றனர். பின்னர்க் குப்பியின் வாயைப் பஞ்சால் தளர அடைத்து வைத்து, அதே நீரை அடுத்தடுத்து வந்தவர்களுக்கும் பயன்படுத்தியிருக்கின்றனர். பயன்பாட்டில் இருந்த அத்தகைய குப்பியின் நீரில் அந்நுண்ணுயிரின் தடயம் காணப்பட்டது.

வாசகர்கள் ஒன்றைக் கருத வேண்டும். இங்கே குறைந்தது இலட்சக்கணக்கில் விலைபெறும் இயந்திரமன்று. அருங்கலை எதுவும் அன்று. ஒருவருக்குத் திறந்த குப்பியை அவரோடு முடித்துவிட்டு, எஞ்சியதைக் கொட்டிவிடும் சிறு ஒழுங்கு மட்டுமே குறைந்தது. சில ரூபாய்களை மிச்சப்படுத்திய பழக்கம் எட்டுக் குடும்பங்களின் விளக்கை அணைத்தது.

சோதிப்பவர் யார்?

நம் நாட்டில் இதற்குச் சட்டங்கள் இல்லாமல் இல்லை. சட்டப்படி, பதிவு பெறாத எவரும் பல் மருத்துவம் செய்தல் குற்றம். தமிழ்நாட்டில் மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1997-இல் இயற்றப்பெற்று, 2018-இல் திருத்தப்பெற்றது. அதன்படி, ஒரே நாற்காலி போட்டு நடத்தும் பல் மருத்துவமனையும் பதிவுச் சான்றிதழ் பெற வேண்டும். மாவட்டத்தில் இதற்கான பொறுப்பு மருத்துவ, ஊரக நலப் பணிகளின் இணை இயக்குநர் அலுவலகத்தைச் சார்ந்தது. 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகளின்படி, ஊசி, பஞ்சு, பிடுங்கிய பல் ஆகியவற்றை நினைத்த இடத்தில் கொட்டலாகாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வேண்டும். எக்ஸ்ரே கருவி வைத்திருந்தால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் இசைவும் வேண்டும். இவையன்றி, தாமாகவே முன்வந்து தரச் சான்று பெற விரும்பும் மருத்துவமனைகளுக்கு அதனை வழங்கும் தேசிய அமைப்பும் உண்டு.

ஆயினும் சட்டம் கதவு வரையில்தான் வரும். அலுவலர் ஒருவர் ஆண்டில் ஒரு நாள் வந்து பார்க்கலாம். அன்றைக்குத் தரை மின்னும், கோப்புகள் அடுக்கியிருக்கும், எல்லாரும் கையுறை அணிந்திருப்பர். மற்ற நாள்களில், மாலை ஏழு மணிக்கு வெளியே இருபது பேர் காத்திருக்கையில், உதவியாளர் கருவியை முழு நேரம் கொதிகலத்தில் வைத்தாரா என்பதை யார் அறிவார்?

செல்வமும் சட்டமும் மிகுந்த நாடுகளும் இதில் தவறியிருக்கின்றன. அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்துத் தல்சா நகரில், 2013-ஆம் ஆண்டில், ஒரு நோயாளிக்கு ஏற்பட்ட மஞ்சட்காமாலைக் கிருமியின் மூலத்தைத் தேடி அதிகாரிகள் ஒரு பல் மருத்துவமனைக்குள் சென்றனர். துருவேறிய கருவிகளைக் கண்டனர். கருவிகளைத் தூய்மை செய்யும் இயந்திரம் அங்கே இருக்கத்தான் இருந்தது. ஆனால் அது சரியாக வேலை செய்கிறதா என்னும் மாதாந்தரச் சோதனை பல ஆண்டுகளாக நடைபெறவில்லை. ஏறத்தாழ 7,000 நோயாளிகளுக்குக் கடிதம் எழுதி, இரத்தப் பரிசோதனைக்கு வருமாறு அழைக்க நேர்ந்தது. ஒரு நோயாளியிடமிருந்து மற்றொருவருக்குக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி கிருமி அங்கே பரவியதும் பின்னர் உறுதியாயிற்று.

இயந்திரம் இருத்தல் வேறு. அது இயங்குதல் வேறு. இயங்குகிறதா என்று நாள்தோறும் ஒருவர் கவலைப்படுதல் வேறு. மூன்றாவதுதான் நோயாளியைக் காப்பது. அந்தக் கவலையை அலுவலர் ஒருவரால் மட்டும் உண்டாக்கிவிட முடியாது. நாற்காலியில் அமரும் நாமும் நம்மோடு துணைக்கு வருகிறவரும் கண் திறந்திருந்தால், ஆண்டுக்கு ஒரு நாள் நடக்கும் சோதனை அன்றாடம் நடக்கும் சோதனையாக மாறும்.

நாம் காணக்கூடியவை

மருத்துவம் கல்லாத நம்மால் எதைக் காண முடியும் என்று மலைக்க வேண்டா. அடுக்களை நடத்தும் எந்தத் தாய்க்கும் எளிதில் விளங்கக்கூடிய செய்திகளே இவை.

முதலாவது, சுவரில் உள்ள சான்றிதழ்கள். மருத்துவரின் பெயரும் பதிவு எண்ணும் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்க வேண்டும். மருத்துவமனையின் பதிவுச் சான்றிதழும் தொங்க வேண்டும். அதன் காலம் முடிந்துவிடவில்லையா என்றும் பார்க்கலாம். சந்தையிலும் சாலையோரத்திலும் பெட்டி விரித்துப் பல் கட்டுகிறவர்களிடம் இவை எதுவும் இரா. அவர்களை அணுகாதிருப்பதே அறிவுடைமை.

இரண்டாவது, கருவிகளைத் தூய்மை செய்யும் முறை. கொதிக்கும் நீரில் போட்டெடுத்தால் போதும் என்று நம்மில் பலர் கருதுகிறோம். இட்லிப் பானையில் நீர் எவ்வளவு கொதித்தாலும் வெப்பம் 100 பாகையைத் தாண்டாது. சில நுண்ணுயிர்கள் விதைபோலத் தம்மை மூடிக்கொண்டு அவ்வெப்பத்தில் பிழைத்துவிடும். மூடியை இறுக்கி ஆவியை அடைத்து வைக்கும் பிரஷர் குக்கரில் வெப்பம் 120 பாகையை எட்டுகிறதன்றோ? அதே விதியில் இயங்குவதுதான் ஆட்டோகிளேவ் என்னும் நீராவி அழுத்தக் கருவி. 1879-ஆம் ஆண்டில் பாஸ்டரின் துணைவர் சாம்பர்லான் இதனை உருவாக்கினார். 121 பாகையில் குறைந்தது 15 நிமிடமேனும், அல்லது 134 பாகையில் சில நிமிடங்களேனும், நீராவி கருவியின் ஒவ்வோர் இடுக்கையும் தொட வேண்டும். அதற்கு முன் இரத்தமும் எச்சிலும் போகத் தேய்த்துக் கழுவியிருக்க வேண்டும்; அழுக்கின் மேல் ஆவி பட்டுப் பயனில்லை. இவ்வாறு தூய்மை செய்த கருவிகள் ஒட்டிய உறைகளில் இருக்கும். போதிய வெப்பத்திற்கு உட்பட்டதைக் காட்டும் குறி அவ்வுறையின் மேல் நிறம் மாறியிருக்கும். அவ்வுறையை நம் கண்ணெதிரே பிரிப்பதே முறை. திறந்த தட்டில் ஏற்கெனவே பரப்பி வைத்த கருவிகளைக் கண்டால், உறையிலிருந்து எடுத்தவைதாமா என்று கேட்பதில் தவறில்லை.

மூன்றாவது, நீர். வாணியம்பாடியை நாம் மறக்கலாகாது. பல் பிடுங்கிய குழியைக் கழுவும் உப்புநீர், நம் பொருட்டுத் திறந்த புதிய குப்பியிலிருந்து வர வேண்டும். பஞ்சடைத்த பழைய குப்பி மேசையில் நின்றால் அஞ்ச வேண்டும். பல்லைக் கடையும் கருவியின் வழியாகப் பீய்ச்சும் நீரும் கவனத்திற்குரியது. அது செல்லும் குழாய்கள் மிக மெல்லியவை. இரவெல்லாம் நீர் தேங்கி நின்றால் உட்புறத்தில் பாசிபோல நுண்ணுயிர்கள் படரும். 2011-ஆம் ஆண்டில் இத்தாலியில் 82 வயது மூதாட்டி ஒருவர் இத்தகைய நீரிலிருந்த கிருமியால் நுரையீரல் நோயுற்று இறந்தார். 2016-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அனாகைம் நகரில், பாற்பல்லின் உட்கூழுக்குச் சிகிச்சை பெற்ற அறுபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இவ்வகை நீரால் தொற்றுற்றனர். குழாய்களை நாள்தோறும் நீர் ஓட்டிக் கழுவுவதும், மருந்திட்டுத் தூய்மை செய்வதும், ஈற்றை அறுக்கும் சிகிச்சைக்குக் குழாய் நீரைத் தவிர்த்து நுண்ணுயிரற்ற நீரையே கொள்வதும் மருத்துவமனையின் கடமை.

நான்காவது, ஊசியும் மரப்பு மருந்தும். ஊசி புதியது என்பதை உறை பிரிக்கும்போது காணலாம். நம் பக்கத்தில் மரப்பு மருந்து பலருக்கும் பயன்படும் பெரிய குப்பியில் வருவதுண்டு. ஒருவருக்குக் குத்திய ஊசியையோ ஊசிக்குழலையோ மீண்டும் அக்குப்பிக்குள் விட்டால், ஒருவரின் நோய் பலருக்குச் செல்லும். கையுறையும் அவ்வாறே. ஒருவர் வாயில் இட்ட கையுறையோடு கைப்பேசியை எடுத்துப் பேசி, அதே கையை அடுத்தவர் வாயில் இடுதல் கையுறை அணியாமையைவிட மேலானதன்று.

ஐந்தாவது, கழிவு. மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்னும் நான்கு நிறங்களில் தொட்டிகள் இருக்க வேண்டும் என்பது விதி. இரத்தம் தோய்ந்த பஞ்சும் பிடுங்கிய பல்லும் மஞ்சளில். பிளாஸ்டிக் குழாய்களும் கையுறைகளும் சிவப்பில். ஊசியும் கத்தியும் குத்தித் துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டியில். கண்ணாடிக் குப்பிகள் நீலத்தில். இது நோயாளிக்காக மட்டும் செய்யும் ஏற்பாடன்று. விடியற்காலையில் நகராட்சிக் குப்பையை வெறுங்கையால் அள்ளுகிற தூய்மைப் பணியாளரின் விரலில் அந்த ஊசி ஏறாதிருக்கவும் இந்த ஏற்பாடு வேண்டும். அவரும் நம் அயலார் அல்லரோ?

இவற்றோடு நம் கடமையும் ஒன்றுண்டு. நீரிழிவு, இதய நோய், மஞ்சட்காமாலை, கருவுற்றிருத்தல், உண்ணும் மருந்துகள் ஆகிய எதையும் மருத்துவரிடம் மறைக்கலாகாது. சிகிச்சைக்குப் பின் காய்ச்சலோ, முகவீக்கமோ, ஓயாத தலைவலியோ, பேச்சுக் குழறலோ தோன்றினால், கை வைத்தியம் பார்த்து நாள் போக்காமல், பெரிய மருத்துவமனைக்கு விரைந்து சென்று, இன்ன நாளில் இன்ன இடத்தில் பல் பிடுங்கினேன் என்று கூற வேண்டும். அந்த ஒரு தகவலே பலருடைய உயிரைக் காக்கக்கூடும்.

கேட்பது அவமதிப்பா?

இவ்வளவும் எழுதும்போதே, ஒரு குரல் நம் செவியில் விழுகிறது: டாக்டரைப் போய் இதையெல்லாம் கேட்பதா? அவர் என்ன நினைப்பார்? கோபித்துக்கொண்டால் பாதி வலியோடு திரும்புவதா?

இந்தக் கூச்சமே நம் மக்களின் பெரிய இடையூறு. சந்தையில் கத்தரிக்காய் வாங்கினாலும் புரட்டிப் பார்க்கிறோம். புடவை எடுத்தால் வெளிச்சத்தில் பிடித்து நூல் இழையைச் சோதிக்கிறோம். நம் உடலுக்குள் புகும் கருவியைப் பற்றி மட்டும் வாய் திறவோம். படித்தவரிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று வழிவழியாகப் பழகிவிட்டோம். மரியாதை வேண்டியதே. ஆனால் மரியாதையோடும் கேட்கலாம். “ஐயா, வாணியம்பாடிச் செய்தியைக் கேட்டதிலிருந்து எங்களுக்கு அச்சமாக உள்ளது, புதிய குப்பியைத் திறந்து செய்வீர்களா?” என்று பணிவாக வினவினால், நேர்மையான மருத்துவர் சினம் கொள்ளார். தாம் செய்யும் ஒழுங்கை ஒருவர் கவனிக்கிறார் என்று மகிழ்வார். சினம் கொள்பவராயின், அந்தச் சினமே நமக்கு விடை. பல் வலி இன்னொரு தெருவரை நடக்க விடும்.

நேர்மையான மருத்துவருடைய நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு நோயாளிக்கும் புதிய குப்பி, புதிய ஊசி, புதிய கையுறை, ஒட்டிய உறை, மின்சாரம், கழிவை எடுத்துச் செல்வோர்க்குக் கட்டணம் என்று அவருக்குச் செலவு ஏறுகிறது. ஒழுங்கைக் கைவிட்ட அடுத்த தெருக்காரர் நூறு ரூபாய் குறைத்துக் கேட்கிறார். நாம் எங்கே போகிறோம்? குறைந்த இடத்திற்கே போகிறோம். அவ்வாறு போகும்போது, தூய்மையாக நடப்பவருக்குத் தண்டனையும், மிச்சம் பிடிப்பவருக்குப் பரிசும் அளிக்கிறோம். அரசின் சோதனை கண்டிப்பாக நடைபெற வேண்டும் என்று நேர்மையான மருத்துவர்களே விரும்புவதன் காரணம் இதுதான். சோதனை அவர்களுக்குப் பகையன்று, துணை.

ஆனால், நூறு ரூபாய் வேறுபாடு ஓர் ஏழைக் கூலியாளுக்கு ஒரு நாள் அடுப்பு என்பதையும் நாம் மறுக்க இயலாது. வசதி படைத்தவர் நல்ல மருத்துவமனையைத் தேடித் திருச்சிக்கும் தஞ்சைக்கும் செல்வார். எஞ்சிய இடங்களின் ஆபத்தைச் சுமப்பவர் எப்போதும் ஏழையே. ஆகையால் தூய்மை என்பதைப் பணம் கொடுத்து வாங்கும் வசதியாக விட்டுவிடலாகாது. அரசு மருத்துவமனைகளின் பல் மருத்துவப் பிரிவுகளிலும் இதே ஒழுங்கைக் கேட்டுப் பெறும் உரிமை நமக்குண்டு. இலவசம் என்பதற்காகக் குறைந்த தூய்மையை ஏற்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் கூறவில்லை.

அச்சம் வேண்டா, கவனம் வேண்டும்

இதைப் படித்துவிட்டு, இனிப் பல் மருத்துவமனைப் பக்கமே போக மாட்டேன் என்று ஒருவர் உறுதி பூண்டால், நம் எழுத்து பயனற்றதாகிவிடும். கவனியாமல் விட்ட பல் சீழ் கழுத்துக்கு இறங்கி மூச்சை அடைத்துக் கொல்வதும் உண்டு. வெற்றிலையும் புகையிலையும் மெல்லுவோர் வாயில் ஆறாத புண் புற்றாக வளர்வதும் உண்டு. அதனை முதலில் காணக்கூடியவர் பல் மருத்துவரே. வலி வருமுன், ஆண்டுக்கு ஒரு முறையேனும் பற்களைக் காட்டி வருகிறவருக்கு மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும் நேரமும் இருக்கும்; கேள்வி கேட்கும் நிதானமும் இருக்கும். நள்ளிரவு வலியோடு ஓடுகிறவருக்கு இரண்டும் இரா.

குறை கண்டால் என்ன செய்வது? தெருவில் நின்று கூச்சலிடுவதோ, ஒருவர் பெயரைக் கெடுக்கும் வதந்தியைக் கைப்பேசிகளில் பரப்புவதோ கிறிஸ்தவ முறையன்று. கண்டதை, கண்ட நாளைக் குறித்து, மாவட்டத் தலைநகரிலுள்ள இணை இயக்குநர் அலுவலகத்திற்கு எழுத்தில் தெரிவிக்கலாம். மருத்துவரின் தகுதியைப் பற்றி ஐயமிருந்தால் தமிழ்நாடு பல் மருத்துவ மன்றத்தை அணுகலாம். 104 என்னும் அரசின் நல உதவி எண்ணில் வழி கேட்கலாம். பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும், பார்க்காததைச் சேர்க்கலாகாது.

பங்குகளில் செய்யக்கூடியவையும் உண்டு. ஓர் அன்பியக் கூட்டத்தில் இக்கட்டுரையில் சொன்ன ஐந்து செய்திகளையும் படித்து உரையாடலாம். நம் பங்குகளைச் சேர்ந்த பல் மருத்துவரையோ செவிலியரையோ அழைத்து, தூய்மை செய்த உறை எப்படியிருக்கும், நிறம் மாறிய குறி எப்படியிருக்கும் என்று கையில் கொடுத்துக் காட்டச் சொல்லலாம். ஒருமுறை கண்ணால் கண்டது மறவாது. எழுதப் படிக்கத் தெரியாத முதியவர் சிகிச்சைக்குச் செல்லும்போது, வின்சென்ட் தே பவுல் சபையினரோ இளைஞர் இயக்கத்தினரோ ஒருவர் துணை செல்லலாம். நாற்காலியில் இருப்பவரால் பேச முடியாது. அருகில் நிற்பவர் அவருக்காகப் பார்க்கலாம், அவருக்காகக் கேட்கலாம். புனித அப்போலோனியாவின் திருநாளை நம் பங்குகள் இவ்வாறு கொண்டாடினால் அவர் மகிழ்வார் என்றே நம்புகிறோம்.

எரிகோ வழியில் காயமுற்றுக் கிடந்தவனைக் கண்ட சமாரியர், காயத்தில் எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்துக் கட்டியதோடு நிற்கவில்லை. சத்திரத்திற்கு அழைத்துச் சென்றார், பொறுப்பை ஒப்படைத்தார், செலவுக்குப் பணம் தந்தார், திரும்பி வரும்போது பார்ப்பதாகவும் சொல்லிச் சென்றார். அந்தத் திரும்பி வந்து பார்க்கும் அக்கறையே சோதனை என்பதன் நல்ல பொருள். ஒப்படைத்துவிட்டோம் என்று கண்ணை மூடிக்கொள்ளாமல், ஒப்படைத்தவரின் நலத்தைத் திரும்ப வந்து விசாரிப்பது அன்பின் இலக்கணம்.

இனி நம் வீட்டில் யாருக்கேனும் பல் வலித்தால், வண்டிக் கூலியையும் மருத்துவக் கட்டணத்தையும் எண்ணி முடிக்கும்போது, ஒரு கேள்வியையும் கூட எடுத்துச் செல்வோம்: “குப்பி புதியதா?” வாணியம்பாடியில் இறந்த எட்டுப் பேருக்கு நாம் செய்யக்கூடிய அஞ்சலி இது. அவர்தம் ஆன்மாக்கள் இறைவனில் இளைப்பாறுக. அவர்தம் குடும்பங்களுக்கு அடைக்கல அன்னை ஆறுதல் தருவாராக.